நாற்பத்தோராம் நம்பர்

தவணை தவறிய வண்டிகள் நிற்கும் யார்டில்
கணக்கெழுதும் வேலை எனக்கு.
திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
முள்கம்பிக்கு உள்ளே எழுபது எண்பது வண்டி.

அதைக் கயிறு கட்டி இழுத்து வந்த அன்று
இழுத்து வந்த பையனே கேட்டான்:
"ஏனுங்க, இதுக்கு மொகம் எந்தப் பக்கம்?"
மேலே கீற்றாக இரண்டு விளக்கு,
கீழே கன்னத்தில் உருண்டையாக இரண்டு.
நாலு கண்ணில் எதைப் பார்த்துப் பேசுவது?
பின்பக்கம்,
வரைந்துகொண்டிருந்தவனை யாரோ சாப்பிடக் கூப்பிட்டதுபோல்
பாதியில் நின்றிருந்தது.
நிறம், ஆறிப்போன பிஸ்தா பால்.
நோட்டில் 'நிலை' என்ற கட்டத்தில்
'ஓடும்' என்று எழுதினேன்.
அழகுக்குக் கட்டம் இல்லாதது அதன் நல்ல நேரம்.

முதல் ஏலத்தில் யாரும் கை தூக்கவில்லை.
இரண்டாவதில் வெள்ளகோவில்காரர் ஒருவர்
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்:
"சும்மா குடுத்தாலும்
பொண்ணு பாக்க இதுல போக முடியாதுங்க."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வெள்ளை வண்டிகள் வந்தன, போயின.
பார்த்த கணமே பிடித்துப்போகிறவை.
போன பிறகு ஒன்றின் முகமும் ஞாபகத்தில் இல்லை.
இது மட்டும் வேப்பமரத்தடியில்,
ஆவணி, மாசி, மறுபடி ஆவணி.

சொந்தக்காரர், பள்ளிபாளையத்துத் தறிக்காரர்,
ஒரு மத்தியானம் வந்தார்.
டேஷ்போர்டுப் பிள்ளையாரை
எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.
எடுத்தார். கதவை மெல்லச் சாத்தினார்.
தேவையே இல்லாமல் கீழ்விளக்கு ஒன்றைத்
துண்டால் துடைத்தார்.
"மொத வருசம் நானும் வஞ்சுட்டேதானுங்க ஓட்டுனேன்."

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து
பத்து நிமிஷம் உறுமவிட வேண்டும், யார்டு விதி.
உள்ளே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது
அந்தக் கோணல் ஜன்னல் எதற்கென்று.
மலை முழுசாகத் தெரிந்தது,
அடிவாரத்திலிருந்து கோபுரம் வரை,
கழுத்தைச் சாய்க்காமல்.

பாதி ஆணும் பாதி பெண்ணுமாய் நிற்கிற சாமியை
விகாரம் என்று நினைக்கத் தோன்றாத ஊர் இது.
ரிக் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள்.
முதுகில் இரும்பு ஏணியைப் படுக்கவைத்துக்கொண்டு
குழாயும் கிரீஸுமாய்ப் போகிற அதைப் பார்த்து
யார் முகம் சுளித்தார்கள்?
ஆயுத பூஜைக்குப் பெரிய மாலை அதற்குத்தான்.
கண்ணுக்கு எது பிடிக்கும் என்பதைக்
கண் மட்டுமா முடிவு செய்கிறது?

காலண்டர் மூன்று மாறியது.
பைபாஸில் புதுசாக வருகிற வண்டிகளுக்கெல்லாம்
இப்போது அதே நாலு கண்.
வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.
எனக்குக் கோபம் வந்தது,
இதைக் கேலி செய்த ஒருவரும்
இங்கே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று.
கேலி செய்தவர்களில் நானும் இருந்தது
சித்த நேரம் கழித்துத்தான் உறைத்தது.

கடைசி ஏலத்துக்கு
மல்லசமுத்திரத்து யசோதாமணி வந்தாள்.
கோழிப்பண்ணைகளுக்கு ஊசி போடும் ஆட்களைக் கூட்டிப்போகிறவள்.
ஐஸ் பெட்டி நாலு ஏறுமா என்று டேப் வைத்து அளந்தாள்.
பிறகு முன்னால் வந்து நின்று
வாய்விட்டுச் சிரித்தாள்.
"கோட்டானாட்ட இருக்குது. நல்லா இருக்குதுங்க."

பிடிக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.
அவளுக்கு ஒரு நிமிஷம்.

அவள் கை ஒன்றுதான் எழுந்தது.
இன்னொரு கையும் எழப் பார்த்தது.
கணக்கெழுதுகிறவன் ஏலம் கேட்கக் கூடாது;
பேனாவை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.
நாற்பத்தொன்று, விற்றது.

கேட்டுக்கு வெளியே ஒரு லாரி குறுக்கிட
பிரேக் போட்டாள்.
வெட்டுண்ட அந்தப் பின்பக்கம்
இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை சிவந்தது,
சாப்பிடப் போனவன் திரும்பி வந்து
விட்ட இடத்திலிருந்து
ஒரு கோடு இழுத்த மாதிரி.